விளக்கு வைப்பதற்குள்

எங்கள் கல்யாண மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டார் கணக்குக்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்திருந்தாலும், அன்று மாலை விளக்கு வைப்பதற்குள் அது திரும்பிப் போய்விட வேண்டும். கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்த பணம் அந்நியர் வீட்டில் இரவு தங்கினால் மணமக்களுக்கு ஆகாது என்பார் என் அப்பா. திருத்தணி மலையடிவாரத்தில் அவர் பெயரில் நிற்கும் மண்டபம் அது. அவருக்குப் பின் நானும் அந்த வழக்கத்தை மீறியதில்லை. பஞ்சாட்சரம் கையில் பிறத்தியார் காசு தங்காது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன தை மாதம் நெல்லூரிலிருந்து பேசுவதாக ஒருவர் போன் செய்தார். தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு. மகளுக்கு மலைமேல் தாலி கட்டு, கீழே எங்கள் மண்டபத்தில் சாப்பாடு என்றார். அட்வான்ஸ் ஐம்பதாயிரம் என்றேன். சில நாளில் கூரியரில் செக் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. தொகை மட்டும் இரண்டு லட்சம்.

செக்கை வங்கியில் போட்டுவிட்டு என் மகன் ஹேமநாதன் வீடு திரும்புவதற்குள் மறுபடியும் போன்.

"ஐயா, பந்தல்காரருக்குச் சேர வேண்டியதையும் எங்க பையன் உங்க பேர்லயே எழுதிட்டான். மிச்சத்தை அவரு அக்கவுண்டுக்குப் போட்டுடுங்க. இன்னிக்கே குடுத்தாத்தான் பந்தல் கெடைக்கும்னு நிக்கறாரு."

ஹேமநாதன் தயங்கினான். "நைனா, செக் இன்னும் பாஸ் ஆவல. ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம்."

"பொண்ணைப் பெத்தவன் மஞ்சள் தடவி அனுப்பியிருக்கான். அவன் காசை மடியில கட்டிகினு ரெண்டு நாள் உக்காந்திருக்கச் சொல்றியா? விளக்கு வெக்கறதுக்குள்ள அனுப்புடா."

மண்டபக் கணக்கில் எங்கள் சொந்தப் பணம் இருந்தது. அதிலிருந்து ஒன்றரை லட்சம் அனுப்பினான். போனில் சொன்ன கணக்கு எண்ணுக்குப் பந்தல்காரர் பெயரையே அடித்தான்.

செக் திரும்பி வந்தது. அது எப்போதோ மூடப்பட்ட ஒரு கணக்கின் செக். நெல்லூர்க்காரரின் போன் அணைந்து கிடந்தது. ஹேமநாதன் என்னைக் கேட்காமலே சைபர் கிரைமுக்குப் போன் செய்து புகார் கொடுத்துவிட்டான்.

கொஞ்ச நாளில் ஸ்டேஷனிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் நாற்காலி போடச் சொன்னார்.

"நல்ல வேளைங்கய்யா, உடனே சொன்னீங்க. முப்பதாயிரம்தான் எடுத்திருக்காங்க. மிச்சம் அந்த அக்கவுண்ட்லயே நிக்குது, முடக்கி வெச்சிருக்கோம். கோர்ட்டு மூலமா வாங்கிடலாம். அக்கவுண்ட் பந்தல்காரர் பேர்ல இல்ல. அரக்கோணத்துல முரளிதரன்னு ஒருத்தர். தாயார் பேரு ஜெயம்மாள். தெரிஞ்சவங்களா?"

ஹேமநாதன் என் கையைப் பிடித்தான். நான் அதை விலக்கினேன்.

"என் தங்கச்சி மகன்," என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "குடும்பத்துல பேசி முடிச்சிக்கறீங்களா?"

"எழுதுங்கம்மா."

முரளி எங்கள் மண்டபத்தில் பந்தி பரிமாறி வளர்ந்தவன். யாராவது அதிகமாகப் பணம் கொடுத்துவிட்டுப் போனால், நான் அவனைத்தான் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டுவேன். பள்ளிப்பட்டு பஸ் புறப்பட்டுவிட்ட பின்னும் துரத்திப் போய் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வருவான். அன்றே அவனைப் பிடித்தார்கள். போனில் கடன் வாங்கி மாட்டிக்கொண்டான், யாரோ பங்கு தருகிறேன் என்றதும் கணக்கைக் கொடுத்தான் என்றார்கள். செக்கின் மூலையில் மஞ்சள் தடவச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. போலீசாரும் சொல்லவில்லை.

ஜெயம்மாள் மறுநாளே வந்தாள். மண்டபத்துக்குள் வராமல் படியில் நின்றாள்.

"அண்ணா, கேசை வாபஸ் வாங்கிக்கோ. வளையலை வித்தாவது உன் காசைக் குடுத்துடறேன்."

"காசுக்காகவா கேசு எழுதச் சொன்னேன்?"

"பின்ன இன்னாத்துக்கு?"

"வேற எவனாவது பண்ணியிருந்தா விட்டிருப்பேனா, ஜெயா? என் வூட்டுப் பையன்னு விட்டா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு இந்தப் படியில உக்காருவேன்?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். வாசலுக்கு மேலே அப்பாவின் பெயர் இருந்தது.

"நல்லா பெருசா எழுதி வெச்சிருக்கே அப்பா பேரை. அவரு பேரனுக்கு வெலங்கு மாட்டினாங்கன்னு அதுக்குக் கீழயே எழுதி வெச்சிடு."

"அந்தப் பேருக்காகத்தான்," என்றேன்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

முரளியை ரிமாண்ட் செய்தார்கள். பிறகு ஜாமீனில் விட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்கு வருஷா வருஷம் ஜெயம்மாள் முன்கூட்டியே வந்துவிடுவாள். காவடி எடுத்து வருபவர்களுக்கு மண்டபத்தில் சோறு வடித்துப் போடுவது அவள் வேலை. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். இந்த வருஷம் ஆள் வைத்துச் சமைத்தோம். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

புரட்டாசியில் கோர்ட்டு உத்தரவு வந்து, முடங்கிக் கிடந்த பணம் எங்கள் கணக்குக்குத் திரும்பியது. மெசேஜைக் காட்டி ஹேமநாதன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய் அவ்வளவையும் எடுத்து வரச் சொன்னேன். மத்தியான ரயிலில் அரக்கோணம் போனேன்.

ஜெயம்மாள்தான் கதவைத் திறந்தாள். கைகள் இரண்டும் மொட்டையாக இருந்தன. வக்கீலுக்காக வளையல் அடகுக்குப் போயிருந்தது. உள்ளே முரளி சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். "மாமா" என்று வாயெடுத்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டான்.

பையை நீட்டினேன். "வளையலை மீட்டுக்கோ. மிச்சத்துல அவன் கடனை அடை."

"வந்துடுச்சா உன் காசு?"

"ஆங்."

"கேஸு?"

"அது நடக்கும். அதுல நான் தலையிட மாட்டேன்."

அவள் பையைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் அப்பா அடிக்க வரும்போது என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பாளே, அதே கண்.

"எங்க வூட்லயும் அந்த வழக்கம்தான்ணா," என்றாள். "பிறத்தியார் காசு தங்கக் கூடாது. விளக்கு வெக்கற நேரம் ஆவுது. எடுத்துக்கினு கெளம்பு."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கோயிலுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திருத்தணியில் இறங்கும்போது மலைமேல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மண்டபத்திலும் ஹேமநாதன் விளக்கு வைத்துவிட்டிருந்தான். பையோடு உள்ளே போக மனம் வராமல், ஜெயம்மாள் நின்ற அதே படியில் நின்றேன்.