பின்னால் வந்தவர்

வனப் பூங்காவில் ‘எல்லோரும் வாங்க’ என்று புதுப் பலகை வைத்த வாரம், துப்புரவுத் தொழிலாளி ஒருவர் மனைவி, மகளோடு முதல்முறையாக வந்தார்.

“அவங்க மேல ஒரு கண்ணு வச்சுக்கோ,” என்றார் அதிகாரி. காவலர் அவர்கள் பின்னாலேயே நடந்தார்.

மரத்தடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த தொழிலாளி நிமிர்ந்து பார்த்தார். “ஏண்ணே, வந்ததுல இருந்து கூடவே வர்றீங்க?”

“நீங்க வழி தவறிடக் கூடாதில்ல, அதான்.”

“மத்தவங்களுக்கெல்லாம் வழி தெரியுமா?”

தொழிலாளியின் மனைவி டப்பாவை மூடினார்.

“இன்னும் மானே பாக்கலையேப்பா,” என்று மகள் சிணுங்கினாள்.

“வீட்டுக்குப் போலாம்டா.”

மான்கள் மேயும் இடத்துக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொல்லக் காவலருக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டியதும் வாக்கிடாக்கியை எடுத்து, “போயிட்டாங்க சார்,” என்றார்.