கொடுக்கு மாறிய நண்டு

கீழ்த்திசையில் கடல் முழங்க, மேல்திசையில் ஏரி கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடக்க, இரண்டுக்கும் நடுவே தைத்திங்களின் முற்பகல் வெயிலைத் தோளில் தாங்கிக் கிடந்தது பழவேற்காடு. ஒல்லாந்தர் கோட்டையின் மதிலுக்கு அப்பால் அவர்தம் கப்பலொன்று பாய் சுருக்கி ஆழ்நீரில் நின்றது. கரையோரச் சேற்றில் பூநாரைகள் தலைகவிழ்த்து இரை துழாவின. சாயக்காரர் தெருவில் சாயவேரில் தோய்ந்த செந்துணிகள் கயிறுதோறும் அசைந்தாட, ஏரியில் கையால் இறால் தடவி மீண்ட பெண்டிர் இடுப்புவரை நனைந்த சேலையோடு கரையேறினர். அன்பரே, நாமாயிருந்தால் நின்று பார்த்திருப்போம். அவ்வூராரோ அன்று எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஒரு படநூலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தனர்.

அந்நூல் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏரியின் நடுத்திட்டில் ஓகியார் கோயில் என்று ஒன்று இருந்தது. ஊரார் நாவில் அது யோகிசாமி கோயில். தூண்தோறும் ஓகநிலையில் அமர்ந்தும் நின்றும் தலைகீழாய்க் கால் உயர்த்தியும் தவஞ்செய்யும் முனிவர் உருவங்கள். கருவறையில் கால்மேல் காலிட்டு, ஒரு கையை முழந்தாளில் வைத்து, மறுகையை உயர்த்தி அருள்குறி காட்டும் ஓகியார். அக்கோயிலைப் புதுமை விரும்பும் ஒல்லாந்து வணிகர் ஒருவர் கண்டு வியந்து, தேசப்பனை அழைத்து, கண்டது கண்டபடி வரைந்து தரச் சொல்லித் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். அவர் சென்ற பின்னர் ஐப்பசியில் அடித்த பெரும்புயலில் திட்டு கரைந்து, தூண்கள் சாய்ந்து, ஓகியார் ஏரிக்குள் போனவர் போனவர்தாம். எத்தனை வலை வீசியும் அகப்படவில்லை.

இந்தத் தேசப்பன் அச்சுக்கட்டை செதுக்குபவன். அவன் மரத்தில் கொடி வெட்டினால் துணியில் அது பூக்கும் என்பார்கள். கோயில் இருந்த காலமெல்லாம் விழாத் தொடக்கத்தில் செங்கொடியைக் கம்பத்தில் ஏற்றும் முதலுரிமை அவன் குடும்பத்துக்கே இருந்தது. ஆண்டு முழுதும் சாயத்தொட்டியருகே குனிந்து கிடப்பவன் நிமிர்ந்து நிற்கும் நாள் அந்த ஒரு நாள்தான். அதை எண்ணித்தான் அவன் மற்ற நாள்களைக் கழித்தான் என்றாலும் மிகையன்று. இப்போது திட்டை மேடாக்கிக் கோயிலை மீண்டும் எழுப்பியாயிற்று. புதுத் திருவுருவத்துக்குக் கருங்கல்லும் கரைக்கு வந்து, கல்தச்சரும் உளியோடு காத்திருந்தார். பழைய உருவம் எப்படி இருந்தது என்பதில்தான் ஊர் திண்டாடியது. அந்த நேரம் பார்த்துக் கப்பலில் வந்து இறங்கியது, அவ்வணிகர் தேசப்பன் படங்களைத் தம் நாட்டில் அச்சிட்ட அந்த நூல். நல்ல காலம் பிறந்தது என்றே எல்லாரும் எண்ணினர்.

ஆனால் நூலைத் திறந்ததும் ஊர் இரண்டாகப் பிளந்தது. படத்திலிருந்த ஓகியார் இடக்கையை உயர்த்தியிருந்தார். இடக்கால் மேலேயும் வலக்கால் கீழேயும் கிடந்தன.

"எங்க சாமி வலது கையத்தான் தூக்கிக்கினு இருந்துச்சு. நான் பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினு கீறேன்!" என்று உறுமினார் கோதண்டம். மீனவக் குப்பங்களுக்கெல்லாம் நாட்டார் அவர். அவர் சொல்லே அங்குத் தீர்ப்பு.

"உனுக்கு வலதா, சாமிக்கு வலதா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டுவிட்டார்.

நாட்டார் தம் கையை உயர்த்திப் பார்த்தார். ஓகியார் போலத் திரும்பி நின்று பார்த்தார். மறுபடி அடியார் போல இப்புறம் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை மெல்ல இறக்கி மீசையைத் தடவிக்கொண்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருண்ட கருவறையில், ஒற்றை விளக்கொளியில், கழுத்தளவு மாலைக்குள் மறைந்திருந்த ஓகியாரைக் கும்பிட்டவர்களே ஒழிய உற்று நோக்கியவர் யார்?

வேறு குற்றங்களும் கிளம்பின. ஓகியாரின் மூக்கு ஒல்லாந்தர் மூக்குப் போல் நீண்டிருக்கிறதென்றாள் ஒருத்தி. பட்டினி கிடந்து தவம் செய்தவருக்கு இவ்வளவு சதைப்பற்றான கெண்டைக்காலா என்றாள் இன்னொருத்தி. வலை பின்னும் ஒருவன் நூலிற் கண்ட ஓகநிலையொன்றை அங்கேயே செய்துகாட்டப் புகுந்து, காலைப் பிடரியில் மாட்டிக்கொண்டு எடுக்கமாட்டாமல் அலற, இருவர் கூடி அவனைச் சிக்கெடுத்தனர். அதன் பிறகு நூலைப் பழித்தவர்களும் அதனிடம் ஓர் அச்சத்தோடுதான் நடந்துகொண்டனர்.

கோயில் அறங்காவலர் உலகநாதர் மட்டும் நூலின் பக்கம் உறுதியாய் நின்றார். கற்றவர், கற்றதை ஒளித்து வைக்கத் தெரியாதவர். "இடமூச்சு நிலவின் வழி, வலமூச்சு ஞாயிற்றின் வழி. நம் ஓகியார் நிலவின் நெறி நின்றவர் என்பதை இந்நூல் இன்று நமக்கு உணர்த்துகிறது. இத்தனை காலம் கும்பிட்டும் நாம்தாம் அறியாதிருந்தோம்!" என்று கண் கலங்கக் கூறினார். அவர் சொன்ன அழகில் பாதிப்பேர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டனர்.

முடிவில் எல்லார் கண்ணும் தேசப்பன் மேல் விழுந்தது. வரைந்தவன் அவன்தானே? உலகநாதர் நூலைப் பிறர் கை படாமல் உயர்த்திக் காட்ட, தொலைவில் நின்றபடியே அவன் பார்த்தான். சடையின் ஒவ்வொரு புரியும் அவன் இழுத்த கோடு. கடல் கடந்து போய், தாளில் ஏறி, கப்பலில் திரும்பி வந்திருக்கிறது! நெஞ்சு விம்மிய அந்த மகிழ்ச்சியில் அவன் வேறொன்றும் எண்ணவில்லை. "என் கண்ணு பாத்தத என் கை வரைஞ்சுது. இதுல ஒரு கோடு பொய் இல்ல" என்று சொல்லி, வெற்றிலையில் எரிந்த சூடத்தைக் கையால் அடித்து அணைத்தான். அவ்வூரில் சூடத்தை அணைத்துச் சொன்ன சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கல்தச்சர் கருங்கல்லின்மேல் இடக்கை உயர்ந்த ஓகியாரைச் செங்காவியால் கோடிட்டார். மறுநாள் முற்பகல் முதல் உளி விழுவதென்று முடிவாயிற்று.

மறுநாள் காலை, நூலைப் பார்த்துவரப் போன பெண்டிரோடு தேசப்பனின் மனைவி இருசம்மாளும் போனாள். துணியில் அச்சுக்கட்டையை ஒற்றுபவள் அவள். ஏரிக்கரைக் குடியில் பிறந்தவள். நண்டையும் வாயையும் அடக்கியாளத் தெரிந்தவள் என்று ஊர் சொல்லும், இரண்டாவது உண்மையன்று. போன வேகத்தில் திரும்பி வந்து, வேலையில் குனிந்திருந்த கணவன் முன் நின்றாள்.

"இன்னாய்யா, நம்ம நண்டுக்குக் கொடுக்கு மாறிக்கினு கீது?"

ஒவ்வொரு கட்டையின் அடிமூலையிலும் ஒற்றைப் பெருங்கொடுக்கு நண்டொன்றைச் சிறிதாக வெட்டுவது தேசப்பன் குடும்பத்து வழக்கம். இது இன்னார் வேலை என்பதற்கு அதுவே அடையாளம். துணியில் விழும்போது பெரிய கொடுக்கு எப்போதும் வலப்புறம் இருக்கும். ஓகியார் படத்தின் மூலையிலும் பழக்கத்தால் அவன் அந்நண்டை வரைந்திருந்தான். நூலில் அப்பெருங்கொடுக்கு இடப்புறம் நீண்டிருந்தது.

தேசப்பன் கையிலிருந்த உளி நழுவியது. "ஐயோ, கெட்டேன்! செம்புத் தகட்டுல வெட்டித் தாள்ல ஒத்துவோம்னு அந்தத் தொர சொன்னாருடி. ஒத்துறதுன்னா மாறி வுழுமேன்னு நான் கட்டைக்கு வரையறாப்பல மாத்திதான் வரைஞ்சேன்."

"மாத்தி வரைஞ்சா நேராத்தான வுழணும்?"

"அங்க வெட்டுனவனும் மாத்திக்கீறான்."

அதுதான் நடந்தது, அன்பரே. கடலுக்கு அப்பால் செம்புத் தகட்டில் படம் வெட்டியவனும் தொழில் தெரிந்தவன். ஒற்றினால் மாறும் என்று அறிந்தவன். இங்கே ஒருவன் தனக்காக முன்பே மாற்றிவிட்டான் என்பதை அறியாமல், பாவம், கண்ணாடியில் பார்த்து அவனும் அக்கறையோடு மாற்றி வெட்ட, தாளில் ஒற்றியபோது ஓகியார் மூன்றாம் முறையும் மாறிப்போனார். நண்டு இன்னதென்று தெரியாவிட்டாலும் அதையும் விடாமல் வெட்டியிருந்தான்.

"நேத்து சூடம் அணைச்சியேய்யா..." என்றாள் இருசம்மாள். பொய்ச்சூடம் அணைத்தவன் கோயிலில் கால் வைக்கலாகாது என்பது ஊர்க்கட்டு. கொடியுரிமை போகும். வாய்மூடி இருந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஓகியார் கல்லுள்ளளவும் கை மாறியே இருப்பார். தேசப்பன் மேல்துண்டை உதறித் தோளிலிட்டுக்கொண்டு நடந்தான். இருசம்மாளும் உடன் நடந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கல்தச்சர் உளியைக் கல்லில் ஊன்றியிருந்தார். "நிறுத்துங்க சாமி!" என்று கத்தினான் தேசப்பன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

நாட்டாரின் முகம் கறுத்தது. "டேய், நேத்து சூடம் அணைச்சிட்டு இன்னிக்கு இல்லன்றியே! எந்தப் பேச்ச நம்பறது?"

"நண்டின் கொடுக்கைக் கொண்டு நிலவு நெறியை மறுப்பதா?" என்றார் உலகநாதர் நொந்துபோய்.

"ஐயா, அந்த ஏட்ட ஒரு தபா என் கையில குடுங்க."

உலகநாதர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். படத்தின் பின்புறம் எழுத்தேதுமின்றி வெறுமையாய் இருந்தது. தேசப்பன் நூலை விரித்து, அவ்வொற்றைத் தாளை மட்டும் நிமிர்த்தி, படத்தின் முகம் கதிரவனை நோக்க, வெறும் முதுகு ஊரை நோக்கப் பிடித்தான். வெயில் தாளை ஊடுருவியது. மூக்கின் நீளமும் கெண்டைக்காலின் சதையும் மங்கி, கோடுகள் மட்டும் எழுந்தன. வலக்கை உயர்த்தி, வலக்கால் மேலிட்டு, விளக்கொளியில் அவர்கள் கண்ட அந்த ஓகியாரே பொன்னிற ஒளிக்குள் அமர்ந்திருந்தார்.

ஒருவரும் வலதா இடதா என்று கேட்கவில்லை. "யோகிசாமீ!" என்று கோதண்டம் வாய்விட்டு அலறித் தலைக்குமேல் கைகூப்பினார். பெண்டிர் குலவையிட்டனர். புயலுக்குப் பறிகொடுத்த தெய்வத்தை மீண்டும் கண்ட மக்கள் அழுதார்கள், சிரித்தார்கள். கல்தச்சர் ஈரத்துணியெடுத்துச் செங்காவிக் கோட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

ஆனாலும் ஊர்க்கட்டு ஊர்க்கட்டுதான். "நீ சாமியக் குடுத்துட்ட, தேசப்பா. ஆனா அணைச்ச சூடம் அணைச்சதுதான். குடமுழுக்கு அன்னிக்கு நீ திட்டுல கால் வைக்காத. கொடிக்கயிறும் இனி உனுக்கு இல்ல" என்று தீர்ப்புரைத்த கோதண்டம், சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேசப்பன் தலைவணங்கி ஏற்றான்.

உலகநாதரோ தம் நிலவு நெறியைக் கடைசிவரை விட்டாரில்லை. தாளின் ஒருபுறம் நிலவும் மறுபுறம் ஞாயிறும் இருப்பதே அந்நூலின் மறைபொருள் என்று புதுவிளக்கம் கண்டு மகிழ்ந்தார். ஒல்லாந்து நாட்டிலும் அந்நூலின் படிகளை விரித்து வைத்துக்கொண்டு, கீழைநாட்டு முனிவர் இடக்கையால் அருள்வது ஏனென்று எத்தனை பேர் எத்தனை விதமாய் வழக்காடினரோ! அவர்களுக்குத் தாளைத் திருப்பிக் காட்ட ஆளில்லை.

குடமுழுக்கு நாளில் திட்டு முழுதும் தலைகள். தேசப்பன் கோயிலுக்கு நேரெதிரே ஏரியில் ஒரு தோணியை நிறுத்தி அமர்ந்திருந்தான். இருசம்மாளும் திட்டுக்குப் போகாமல் அவனருகே இருந்தாள். அவர்கள் தொட்டியில் தோய்ந்த செங்கொடி வேறொருவர் கையால் ஏறியபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்போது கருவறைக் கதவம் திறந்தது. அங்கே முட்டி மோதி நின்றவர்க்கு முன்னின்றவர் முதுகுதான் தெரிந்தது. நீருக்கு இப்பால் இருந்தவர்க்கோ மறைப்பேதும் இல்லை.

"பாருய்யா, கைய நம்ம பக்கந்தான் காட்டுது" என்றாள் இருசம்மாள்.

தேசப்பன் எழுந்து கைகூப்பினான். தோணி மெல்ல ஆடியது. இருவர் அக்கறையில் புரண்டுபோன ஓகியாரை நேராக்க ஒருவன் சூடமணைத்த தன் சொல்லையும் கொடியுரிமையையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கடனை ஊர் மறந்திருக்கலாம். உயர்ந்த அந்தக் கல்வலக்கை மறந்ததாகத் தெரியவில்லை.