மரத்தடிக்கு வராத குரல்

வாகை மரத்தடியில் நின்று பதில் சொல்ல வேண்டிய ஆள் ராக்கெட் ரூமுக்குள்ளிருந்து பதில் சொன்னால் என்ன அர்த்தம்?

“கோட்டைச்சாமீ!” என்று ஃபோர்மேன் அய்யாதுரை மூன்றாம் தடவையாகக் கூப்பிட்டார்.

“இருக்கேன்.”

களத்துக்கு அந்தப் பக்கம், கதவு பாதி திறந்து கிடந்த ராக்கெட் ரூமிலிருந்துதான் குரல் வந்தது. வள்ளித்தாய் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அவிழ்த்தாள். மறுபடியும் செருகினாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. உள்ளே கிடப்பது அவள் புருசன்.

எம்.புதுப்பட்டிக்குத் தெற்கே இருந்த அந்தப் பட்டாசு ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும், மேகம் கறுத்து மின்னல் வெட்டினாலும், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு மரத்தடிக்கு ஓடி வந்துவிட வேண்டும். ஃபோர்மேன் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். ‘இருக்கேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அந்த ஆள் உள்ளே மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். சாயங்காலம் வேலை விடும்போதும் இதே கூத்துதான். வருசக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, பேர் காதில் விழுந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வள்ளித்தாய் தூக்கத்தில்கூட ‘இருக்கேன்’ என்பாள். “நீ இருக்கது எனக்குத் தெரியாதாளா, பேசாமப் படு” என்று கோட்டைச்சாமி சிரிப்பான்.

அந்த ஆள்தான் இப்போது உள்ளே கிடக்கிறான்.

எல்லாம் அந்த ஆனி மாதக் கடைசியில் ஆரம்பித்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருசம். வெம்பக்கோட்டை அணைப்பக்கம் வானத்திலிருந்து பச்சை நெருப்பு ஒன்று விழுந்தது. ஊரே பார்த்தது. பார்த்துவிட்டு, “எவனோ புது வெடி விட்டுப் பாக்கான்” என்று திரும்பிப் படுத்தது. பட்டாசு ஊரில் வானத்தில் நெருப்பு தெரிந்தால் எவன் எழுந்து உட்காருவான்? வேறு ஊராக இருந்தால் நாலு பேர் போய்ப் பார்த்திருப்பார்கள். போலீசுக்காவது சொல்லியிருப்பார்கள்.

இரண்டு நாள் கழித்து வாட்ச்மேன் வேலுச்சாமியின் ஆடு ஒன்று காணாமல் போனது. ஓடைக்குள் அது கத்துகிற சத்தம் கேட்டு இன்னொரு ஆடு போனது. அதுவும் கத்தியது. வேலுச்சாமி போய்ப் பார்த்தபோது இரண்டும் கால் ஒடிந்து உயிரோடு கிடந்தன. எந்த மிருகமும் ஒரு வாய்கூடத் தின்றிருக்கவில்லை. நரி என்றார்கள், பேய் என்றார்கள். தின்னாத நரி எந்த ஊரில் இருக்கிறது? கத்த விட்டு, தேடி வருவதைப் பிடிக்கக் காத்திருக்கும் ஒன்று ஓடைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தினமும் சாயங்காலம் மரத்தடியில் பேர் கூப்பிடுவதை அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்பதும் யாருக்குத் தெரியும்?

இன்று மத்தியானம் மேற்கே மேகம் ஏறியது. முதல் மின்னலுக்கே எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். கோட்டைச்சாமி மட்டும் ராக்கெட் ரூம் வாசலில் கால் இடறி விழுந்தான். எழுவதற்குள் ஓட்டுக் கூரையிலிருந்து ஒன்று இறங்கி அவன் காலைச் சுற்றி உள்ளே இழுத்துப் போனதை வேன் டிரைவர் பிரபாகரன் கண்ணால் பார்த்தான். பார்த்தவன் அலறிய அலறலில் கூட்டம் சிதறி, கிடைத்த வண்டியில் ஏறிப் பறந்தது. வேலுச்சாமி மட்டும் கம்பை எடுத்துக்கொண்டு, “ஏலே கோட்டை, வந்துட்டேம்லே!” என்று ஓடினார். இப்போது அந்த வாசலிலேயே கழுத்து திரும்பிக் கிடந்தார்.

மிஞ்சியது மூன்று பேர். வள்ளித்தாய், அய்யாதுரை, பிரபாகரன். தீயணைப்பு வண்டி வேறொரு ஆலை விபத்துக்குப் போயிருப்பதாகவும், வர நேரமாகும் என்றும் போனில் சொன்னார்கள்.

“வேலுச்சாமீ” என்று அய்யாதுரை தழுதழுத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

“இருக்கேன்” என்றது வேலுச்சாமியின் குரல். வாசலில் கிடந்த வேலுச்சாமியின் வாய் அசையவில்லை.

“அடி ஆத்தீ!” பிரபாகரன் இரண்டடி பின்னால் போனான். “அண்ணாச்சி, செத்தவுக குரல்ல பேசுது. அப்ப கோட்டைண்ணனும்...” என்று தொடங்கியவன் வள்ளித்தாயைப் பார்த்து மென்று முழுங்கினான்.

“வள்ளித்தாயீ” என்று உள்ளிருந்து கோட்டைச்சாமியின் குரல் கூப்பிட்டது. அச்சு அசலாக அவனேதான். அய்யாதுரை சட்டென்று அவள் வாயைப் பொத்தினார். பொத்தியிராவிட்டால் அவள் பதில் சொல்லியிருப்பாள்.

அப்புறம் இருமல் ஒன்று கேட்டது. இருமலைத் தொடர்ந்து, ஈனக் குரலில், “ஏளா... வராத. போயிரு.”

அவள் ஃபோர்மேனின் கையை விலக்கினாள். கண் நிறைந்துவிட்டது.

“அண்ணே, உசுரோட இருக்காக. முதல்ல கூப்பிட்டது அது. ரெண்டாவது பேசுனதுதான் எங்க வீட்டாளு.”

“எப்படிச் சொல்ற?”

“கட்டுன நாள்லருந்து என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லண்ணே அந்த மனுசன். ஏளாதான். நான் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

அய்யாதுரை வானத்தைப் பார்த்தார். மேகம் வெம்பக்கோட்டைக்கு மேலே வந்துவிட்டது. ராக்கெட் ரூமுக்கு அடுத்த பேக்கிங் ரூமில் தீபாவளி ஆர்டர் முழுவதும் அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருந்தது. ஒரு இடி அதன் மேல் விழுந்தால் கோட்டைச்சாமியும் இல்லை, ஒன்றும் இல்லை. பெட்டிகள்மேல் தலைக்கவசம் மாட்டிய விண்வெளி வீரன் படம் போட்ட லேபிள். அதை வைத்துத்தான் ராக்கெட் ரூம் ஆட்களை ஊரே ‘விண்வெளிக்காரவுக’ என்று கேலி செய்யும். “என்ன விண்வெளி, இன்னைக்கு எம்புட்டு மேல போச்சு?” என்று டீக்கடையில் கேட்பார்கள்.

“வருசம் பூரா நாம மேல அனுப்புனோம். மேல இருக்கவன் ஒண்ணைக் கீழ அனுப்பிட்டான்” என்றார் அய்யாதுரை. சிரிக்கவில்லை. “ஏலே பிரபாகரா, தீப்பெட்டி எடு.”

“என்கிட்ட ஏது அண்ணாச்சி?”

“வேன் சீட்டுக்கு அடியில பீடியும் தீப்பெட்டியும் வச்சிருக்கது எனக்குத் தெரியும்லே. இருபது வருசமா ஒருத்தன் மடியிலயும் தீப்பெட்டி இருக்கக் கூடாதுன்னு தடவிப் பாத்தவன் நான். இன்னைக்கு நானே கேக்கேன், குடு.”

பிரபாகரன் தலையைச் சொறிந்துகொண்டே எடுத்துக் கொடுத்தான்.

“அதுக்குக் கண்ணு இருக்க மாதிரித் தெரியல. சத்தத்துக்குத்தான் வருது” என்றார் அய்யாதுரை. “நீ வேனை கேட் பக்கத்துல வச்சு ஹாரனை அமுக்கிப் பிடி, விடாத. அந்த இரைச்சல்ல எங்க காலடி அதுக்குக் கேக்காது. தாயி, நீயும் நானும் பின் கதவு வழியாப் போயி அவனைச் சாக்குல போட்டு இழுத்துட்டு வந்துருவோம். உள்ள போனா மூச்சு விடக் கூடாது. யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது.”

“நான் என்ன பச்சப்புள்ளையா?” என்று வள்ளித்தாய் சீறினாள். சொல்லிவிட்டு முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

ஹாரன் அலறியது. இருவரும் குனிந்து ஓடினார்கள். ஆலைக்குள் செருப்புப் போடும் பழக்கமே கிடையாது என்பதால் வெறுங்காலில் சத்தமில்லை. பின் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே ஈரச் சாக்கு நாற்றம். குச்சி கட்டாத ராக்கெட்டுகள் தரையெல்லாம் உருண்டு கிடந்தன. கோட்டைச்சாமி சுவரோரம் கிடந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே ஆட்டின் காலைப்போலவே திரும்பியிருந்தது. அவளைப் பார்த்ததும் ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டினான். கண்ணால் மேலே காட்டினான்.

அவள் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. கூரை மரத்தில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கன்றுக்குட்டி அளவு உடம்பு. முகம் என்று எதுவும் இல்லை. நனைந்த மீன்வலைபோல நூல்நூலாகத் தொங்கிய கைகளில் ஒன்று காற்றைத் தடவிக்கொண்டிருந்தது. ஹாரன் எந்தப் பக்கம் என்று தேடி அந்தக் கை வாசல் பக்கம் திரும்பித் திரும்பி நின்றது. ஹாரனை நம்பி அது இறங்கிப் போகவும் இல்லை. இரும்பு கத்துவதற்கும் ஆள் கத்துவதற்கும் வித்தியாசம் அதற்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சாக்கை விரித்தார்கள். அய்யாதுரை தோளைப் பிடித்தார், அவள் இடுப்பைப் பிடித்தாள். கால் தரையில் உரசியபோது கோட்டைச்சாமி தன் கையையே கடித்துக்கொண்டான். ரத்தம் வந்தது, சத்தம் வரவில்லை. இழுத்தார்கள். கதவு வந்தது. வாசற்படி தாண்டியது. களத்து மண்ணில் சாக்கு ஏறியதும் அவளுக்கு மூச்சு முட்டியது. வாயிலிருந்த துணியைத் துப்பிவிட்டு ஒரு வாய் காற்றை இழுத்தாள். இன்னும் கொஞ்ச தூரம்தான், இந்தா வந்துவிட்டது மரம்.

ஹாரன் கரகரத்தது. இழுத்து இழுத்து அழுதது. நின்றேவிட்டது.

அந்த ஓட்டை வேனின் பேட்டரியைப் பிரபாகரன் ஆறு மாதமாக மாற்றவில்லை. ‘சீசன் முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டிருந்தான். இந்த ஊரில் எல்லாமே சீசன் முடிந்த பிறகுதான்.

அப்படி ஒரு அமைதி. இழுத்தவர்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கூரை ஓட்டின் மேல் ஏதோ நகர்ந்தது.

“குருவம்மாள்” என்று அய்யாதுரையின் குரல் ஓட்டின் மேலிருந்து கூப்பிட்டது. தினமும் சாயங்காலம் கூப்பிடும் அதே ராகம். முதல் பேர் அவர் பெண்டாட்டி பேர்; அவள் கூட்டத்தோடு வண்டியேறிப் போயிருந்தாள். அவரும் அவளை மரத்தடியில் மட்டும்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

“பிரபாகரன்.” கேட் பக்கத்தில் அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

“வள்ளித்தாய்.”

“இருக்கேன்.”

சொன்னது தான்தான் என்பதே சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அடி பாவி! அவள் வாயே அவளுக்கு எமன் ஆனது. ஓடுகள் சடசடவென்று உதிர, அது களத்தில் குதித்தது. நேரே அவளைப் பார்த்து வந்தது. அவசரப்படவும் இல்லை.

அய்யாதுரை சாக்கின் நுனியை அவள் கையில் திணித்தார். அவள் தலையில் ஒரு தடவை கையை வைத்தார், ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அடுத்த நிமிசம் தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பேக்கிங் ரூமை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார், தொண்டை கிழியக் கத்திக்கொண்டே.

“அய்யாதுரை! இருக்கேன்! ஏய், அய்யாதுரை! இங்கன இருக்கேம்லே!”

தன் பேரைத் தானே கூப்பிட்டு, தானே பதில் சொல்லிக்கொண்டு ஓடினார். அது நின்றது. அவள் பக்கம் ஒரு கை, அவர் பக்கம் ஒரு கை என்று தடவியது. பிறகு அவர் பின்னால் திரும்பிப் போனது. பேக்கிங் ரூம் கதவுக்குள் அவர் வெள்ளைச் சட்டை மறைந்தது. அந்தக் கறுத்த உடம்பும் நுழைந்தது. உள்ளிருந்து இன்னும் ஒரு தடவை, “இருக்கேன்” என்று கேட்டது.

வள்ளித்தாய் சாக்கை இழுத்தாள். பிரபாகரன் ஓடிவந்து ஒரு கை கொடுத்தான். மரத்துக்கு இந்தப் பக்கம் மூவரும் விழவும் பேக்கிங் ரூம் வெடிக்கவும் சரியாக இருந்தது. ஒரு தீபாவளிக்கு நாடு முழுவதும் போக வேண்டிய ராக்கெட்டுகள் ஒரே நேரத்தில் கிளம்பின. ஓடு, கதவு, சுவர் எல்லாம் பறந்தது. பச்சையும் சிவப்புமாகக் கறுத்த மேகத்துக்குள் ஏறி ஏறி வெடித்தன. நெடுநேரம் வெடித்தன. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

மழை புகையை அமுக்கியபோது பேக்கிங் ரூம் இருந்த இடத்தில் சுவரின் அடி மட்டும் நின்றது. மூன்று பேரும் மரத்தடியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரபாகரன் இடிந்த சுவரைக் காட்டிக் கேட்டான்.

“அக்கா, அது செத்திருக்குமா?”

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. வள்ளித்தாய் எழுந்து, அய்யாதுரை வழக்கமாக நிற்கும் வேரின் மேல் ஏறி நின்றாள்.

“பிரபாகரன்.”

“இருக்கேங்க்கா.”

அடுத்த பேர் அவளுக்கு வாயில் வராது. “எங்க வீட்டாளு” என்றாள்.

“இருக்கேன்ளா” என்றான் கோட்டைச்சாமி. வலியில் அழுதான்.

“அய்யாதுரை” என்று கூப்பிட்டாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இருபது வருசமாக மரத்தடியில் ஒவ்வொரு பேருக்கும் பதில் வர வேண்டுமே என்று வேண்டியவள் அவள். பதில் சொல்லி அவரைக் கொன்றவளும் அவள்தான். பதில் வந்தால் அது அவராக இருக்க முடியாது என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

“அய்யாதுரை!” இரண்டாம் தடவை குரல் உடைந்தது. கோட்டைச்சாமி அவள் கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே... அய்யாதுரைண்ணே!”

பேசாதீக, தயவுசெஞ்சு பேசாதீக என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே இடிந்த சுவரைப் பார்த்து நின்றாள். ஒரு குரலும் வரவில்லை. வரவில்லை என்று நிச்சயமான பிறகு வேரிலிருந்து இறங்கி, மண்ணில் உட்கார்ந்து, ஓவென்று அழுதாள்.