றொசாந்தி ஐஸ் கொம்பனி

றொசாந்தி தன் கணவன் கனிசியஸோடு கதையாமல் விட்ட மூன்றாம் நாள், குருநகரில் அவர்களுடைய வீட்டுக் குசினிக்குள் இருந்த குடத்துத் தண்ணீர் கல்லாக உறைந்தது. அது சித்திரை மாதம். வெளியே தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில். பிள்ளைகள் இரண்டும் குடத்தை உருட்டி விளையாடின. கனிசியஸின் தாய் லூர்த்தம்மா சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு, வாசலில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து இருந்தாள். ஒருவரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. முதல் நாள் தேத்தண்ணி கோப்பையில் ஊற்றுமுன்பே ஆறிவிட்டது. இரண்டாம் நாள் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கட்டிபட்டது. ஆகவே மூன்றாம் நாள் தண்ணீரின் முறை என்றுதான் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

கோபத்துக்குக் காரணம் ஒரு சொல். வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த உத்தியோகத்தர் ஒருவர் கனிசியஸின் தொழிலைக் கேட்டு எழுதிவிட்டு, "அம்மா என்ன செய்யிறா?" என்று கேட்டார். றொசாந்தி வாய் திறக்குமுன் கனிசியஸ், "மனிசியோ? அவ சும்மா வீட்டிலைதான்" என்றான். அந்த நேரம் றொசாந்தியின் மடியில் விடிய வந்த வலை கிடந்தது. அதிலிருந்து அவள் நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நண்டு அவளுடைய பெருவிரலைக் கவ்விக்கொண்டிருந்தது. அதற்கு முன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, முதல் நாள் மீனை வெட்டி உப்புப் போட்டு, ஒரு ஓலைக் கடகம் நிறைய மீனைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டும் வந்திருந்தாள். கனிசியஸ் கெட்டவன் இல்லை. குடியில்லை, அடியில்லை, ஞாயிறு பூசைக்குச் சப்பாத்துப் போட்டுப் போகிறவன். மழை வரும்போலக் கிடக்கு என்று சொல்வதைப்போலத்தான் அந்தச் சொல்லையும் சொன்னான். றொசாந்திக்குத் தாங்கமுடியாமல் போனது அதுதான். வேண்டுமென்று சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். அவள் சண்டை பிடிக்கவில்லை. வலையை உதறி வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. பிள்ளைகள் மூலமாக, "கொப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு" என்ற அளவோடு நிறுத்திக்கொண்டாள்.

அது நாடு முழுவதும் மின்சாரம் மணிக்கணக்கில் நின்ற வருடம். ஐஸ் அடிக்கிற இடங்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. கொழும்புக்கு நண்டும் றாலும் ஏற்றுகிற தேவராசா, தன் லொறியைக் கரையில் நிறுத்திவிட்டு, மீன் நாறப்போகிறது என்று கடலைப் பார்த்தும் வானத்தைப் பார்த்தும் மாறி மாறி ஏசிக்கொண்டிருந்தார். றொசாந்தி அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய், உறைந்த குடத்தை உரல் உலக்கையால் உடைத்து, கட்டிகளைப் பேசினில் அள்ளிக்கொண்டு வந்து அவருடைய றாலுக்கு மேல் கொட்டினாள்.

"பிள்ளை, உது எங்கையிருந்து?" என்றார் தேவராசா.

"எங்கடை வீட்டுக் குடத்திலையிருந்து, அண்ணை."

"ஜெனரேற்றர் போட்டிருக்கிறியளோ?"

"இல்லை. மனிசனோடை கோவம்."

தேவராசா தொழில் தெரிந்த மனிதர். தேவையில்லாத கேள்விகளால் நேரத்தை வீணாக்கவில்லை. "கோவம் இன்னும் எவ்வளவு நாளைக்கு இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"அது பெரிய கோவம், அண்ணை. நாளைக்கும் லொறியைக் கொண்டுவாங்கோ."

தொழில் தொடங்கும் எண்ணம் அவளுக்கு வந்தது அங்கேதான், அந்த லொறியின் பின்பக்கத்தில், முழங்கை வரை றால் வாடையோடு. கனவில் மாதா வந்து சொன்னதாகப் பின்னாளில் சிலர் கதைத்தார்கள். அது பொய். மாதாவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

மழை தொடங்குவதற்குள் வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்று எழும்பியது. பேசின்கள், வாளிகள், பழைய குளிர்சாதனப்பெட்டியின் வயிறு என்று தண்ணீர் கொள்கிற எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. றொசாந்தி காலையும் மாலையும் ஒவ்வொன்றாகக் கைவைத்துக்கொண்டு போவாள். பின்னாலே தண்ணீர் உறைந்துகொண்டு வரும். கட்டிகளை மரத்தூளில் புதைத்து வைப்பாள். வாசலில் ஒரு பலகையில் 'றொசாந்தி ஐஸ்' என்று நீலப் பெயின்றில் எழுதுவித்தாள். அவளுடைய பெயர் அதற்கு முன் ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் கோயிலில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் ரோட்டால் போகிறவர்கள் வாசிக்கும்படி ஒருவரும் எழுதியதில்லை. சந்தைக்குப் போய்வரும்போது, வெயிலுக்கு ஒதுங்கி நிற்பவள்போல் எதிர்ப்பக்கம் நின்று அவளும் அதை ஒருக்கால் வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள்.

கனிசியஸ் சமாதானத்துக்கு எல்லா வழியும் பார்த்தான். சேலை வாங்கி வந்தான். அது கொட்டிலுக்குத் திரைச்சேலையானது. கணவாய்க் கறி வைத்தான். அவள் சாப்பிட்டாள், கோப்பையைக் கழுவி வைத்தாள், அவ்வளவுதான். நோர்வேயிலிருந்து தமையன் அனுப்பிய சுவெற்றரை அலுமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டான். யாழ்ப்பாணத்தில் சுவெற்றருக்கு வேலை கிடைத்த முதல் வீடு அதுவாகத்தான் இருக்கும். அவனுக்கு உதவி செய்ய ஊரில் ஒருவரும் இல்லை. பங்குச் சுவாமியார் ஒரு ஞாயிறு மன்னிப்பைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்ததும் வள்ளக்காரர் கொஞ்சப்பேர் உள்ளே போய் அவரோடு கதைத்தார்கள். அடுத்த ஞாயிறு சுவாமியார் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். கரையில் பெண்கள் றொசாந்தியைக் கண்டால், "விட்டுக் குடுத்திடாதை, பிள்ளை" என்று கையைப் பிடித்துச் சொன்னார்கள். கனிசியஸை நினைத்துக் கவலைப்பட்டவர்களும் மீனை நினைத்துப் பேசாமல் இருந்தார்கள்.

றொசாந்திக்கும் அது லேசாக இருக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் கனிசியஸ் கொட்டில் வாசலில் வழுக்கி, சாரமும் சுவெற்றருமாக மல்லாந்து, புரட்டிப்போட்ட ஆமையைப்போலக் கையையும் காலையும் அடித்தான். அவள் சுவருக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு உறைந்த கட்டிகள் முழுக்க ஓட்டை. தேவராசா மறுநாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். "பிள்ளை, நேற்றையான் ஐஸ் பாண் மாதிரி இருந்தது. வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"ஒரு பிரச்சினையுமில்லை, அண்ணை. நான் சரியான கோவமாய்த்தான் இருக்கிறன்."

சொல்லிவிட்டாளே ஒழிய, பயம் பிடித்துவிட்டது. அவனோடு சிரிக்க அவளுக்கு ஆசை இருந்தது. சிரித்தால் பலகையில் இருக்கிற பெயருக்கு வேலை இல்லாமல் போய்விடும். இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்திருக்க வழி தெரியாமல், அவள் முகத்தை இன்னும் இறுக்கமாக வைத்துக்கொண்டாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது கனிசியஸின் காலில் திருக்கை முள் ஏறியது. கூட நின்றவர்கள் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் கிடத்திவிட்டு, பெற்றோல் உள்ள ஓட்டோ தேடி ஓடினார்கள். காலைச் சுடுதண்ணீருக்குள் வைத்தால்தான் திருக்கை விஷம் முறியும் என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். றொசாந்தி அடுப்பை மூட்டினாள். கொதித்த தண்ணீர், அவள் கேத்தலைத் தூக்கியதும் ஆறியது. பேசினில் ஊற்றியதும் ஓரத்தில் பாலாடைபோல் ஐஸ் படர்ந்தது. மறுபடி கொதிக்கவைத்தாள், மறுபடியும் அப்படியே. அவள் நின்ற இடமே குளிராக இருந்தது. லூர்த்தம்மா கைகளைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு தள்ளியே நின்றாள். ஏன் என்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை. கனிசியஸின் கால் நீலம் பாய்ந்து வீங்கிக்கொண்டு வந்தது. மன்னிச்சிட்டன், மன்னிச்சிட்டன் என்று றொசாந்தி செபமாலை சொல்வதைப்போல மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். தண்ணீர் ஏமாறவில்லை.

வெளியே தேவராசாவின் லொறி கோர்ண் அடித்தது. கனிசியஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கினான்.

"லொறி வந்திட்டுது. நீ போய் ஐஸை ஏத்து."

"வாயை மூடிக்கொண்டு கிடவுங்கோ" என்றாள் றொசாந்தி. இத்தனை மாதத்தில் நேரே அவனுக்குச் சொன்ன முதல் வார்த்தை அது.

"இல்லையப்பா, அங்கை ஆர் நிக்கினம்? உவன் தேவராசா அரைவாசியை உடைச்சுப்போடுவான். உன்ரை தொழில் கெட்டுப்போகும். நான் கிடக்கிறன், நீ போ."

அவன் அதை யோசித்துச் சொல்லவில்லை. சேலையோடு வந்த நாட்களில் சொன்னதெல்லாம் யோசித்து, பாடமாக்கிச் சொன்னவை. இதை அவன் மழை வரும்போலக் கிடக்கு என்கிற மாதிரியே, வலிக்கு நடுவில், இயல்பாகச் சொன்னான். றொசாந்தி அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பேசினிலிருந்து மெல்ல ஆவி எழும்பியது. அவள் அவனுடைய காலை எடுத்து அதற்குள் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சுடுதடி!" என்று கத்தினான் கனிசியஸ்.

அதே மூச்சில் கொட்டிலுக்குள் இருந்த ஐஸ் முழுவதும் உருகியது. மரத்தூளை அள்ளிக்கொண்டு ஒழுங்கையால் ஓடிக் கடலில் விழுந்தது. தேவராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் வாசலுக்கு வந்தார். "பிள்ளை, சமாதானமாகிட்டியளோ?"

"ஓம், அண்ணை."

"சந்தோசம்" என்றார். முகத்தில் அது தெரியவில்லை. "நல்ல மனிசன்தான் கனிசியஸ். ஆனா என்ரை றால் கிடக்கே."

கனிசியஸின் கால் தேறியது. றொசாந்தியின் கையில் இளஞ்சூடு வந்தது, போகவில்லை. ஒவ்வொரு பேசினிலும் கைவைத்துப் பார்த்தாள். பழைய சொல்லை மனதுக்குள் நூறு தரம் சொல்லிப் பார்த்தாள். அது பல்லு விழுந்த நாய்போல வாலை ஆட்டியது. கட்டிலில் கிடந்த கனிசியஸ் உதவி செய்ய நினைத்து, "உன்ரை கறிக்கு உப்புக் கூட" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனை முன்னையைவிடப் பிடித்திருந்தது, அதுதான் வில்லங்கம். பிறகு ஒருநாள் முக்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையைக் கழற்ற ஏறினாள்.

"பலகையைக் கழட்டாதை, பிள்ளை" என்றாள் லூர்த்தம்மா. கொட்டிலுக்குள் வந்து, சேலைக்குள்ளிருந்து வலது கையை எடுத்துப் பேசின் தண்ணீருக்குள் விட்டாள். தண்ணீர் சடாரென்று அடிவரை உறைந்தது. றொசாந்தி ஒருநாளும் காணாத ஐஸ் அது. கரு நீலமாக, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் இருந்தது.

"மாமி! உங்களுக்கு இது எப்ப தொடக்கம்?"

"கலியாணம் முடிச்ச வருசம் தொடக்கம். வாதக் குளிர் எண்டு சொல்லிச் சமாளிச்சன். நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே."

லூர்த்தம்மாவின் கணவன் சிமியோன் அந்த வருடம் புதிதாக வாங்கிய வள்ளத்துக்கு 'றீற்றா' என்று பெயர் வைத்திருந்தான். கேட்டபோது அது புனிதையின் பெயர் என்றான். அடுத்த ஒழுங்கையில் ஒரு றீற்றா இருந்தாள். சிமியோன் செத்துப் பல வருடமாகிவிட்டது. லூர்த்தம்மா வருடம் தவறாமல் அவனுடைய ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தாள், மன்னிக்கமட்டும் இல்லை. செத்தவனோடு சமாதானமாகும் ஆபத்தும் இல்லை. அவளுடைய ஐஸ் லொறியில் கொழும்புக்குப் போய், உருகாமல் அப்படியே திரும்பி வந்தது. தேவராசா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதை பரவியதும் பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முதலில் பூரணம் வந்தாள். அவளுடைய கணவன் வெளிநாட்டிலிருந்து ஞாயிறுதோறும் போன் எடுத்து, கேற் பூட்டியாயிற்றா என்று மட்டும் கேட்டு வைக்கிறவன். படிப்பை நிற்பாட்டிய தகப்பனோடு ஒருத்திக்குக் கோபம், வீட்டை எழுதி வாங்கிய தமையனோடு இன்னொருத்திக்கு. றொசாந்தி எல்லோரையும் ஒரு வாளித் தண்ணீருக்கு முன் இருத்தி, கைவைக்கச் சொல்லிப் பார்த்தாள். மூலப்பொருளுக்குக் குருநகரில் தட்டுப்பாடு இருக்கவில்லை. அவள் கட்டிகளின் அளவைப் பார்த்தாள், லொறிகளை ஒழுங்குபடுத்தினாள், தேவராசாவோடு விலை கதைத்தாள். கோபம் தீர்ந்து வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் புட்டும் மீன் பொரியலும் செய்து மரியாதையாக அனுப்பிவைத்தாள். கை சூடாக இருந்தாலும் தொழில் நடத்தலாம் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

உரும்பிராயிலிருந்து ஞானாம்பிகை என்ற தோட்டக்காரப் பெண் ஒருத்தி, மருதனார்மடம் சந்தையில் கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். அவள் கைவைத்த தண்ணீர் உறையவில்லை. றொசாந்தி விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தாள். உப்பு, கடலைவிட உப்பு. "அக்கா, உங்களுக்குக் கோவமில்லை. கவலை" என்றாள். என்ன கவலை என்று ஞானாம்பிகை சொல்லவில்லை, றொசாந்தியும் கேட்கவில்லை. பக்கத்தில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, அந்தத் தண்ணீரை வீணாக்காமல் பிளாஸ்ரிக் கானில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். ஞானாம்பிகை அதில் தேசிக்காய் போட்டாள். எத்தனை மாதம் போனாலும் அது பழுதாகவில்லை. இன்றைக்கு உரும்பிராய் ஊறுகாய் இல்லாமல் மருதனார்மடத்தில் ஒரு சோற்றுக்கடையும் திறப்பதில்லை.

மின்சாரம் திரும்பி வந்தது. ஐஸ் அடிக்கிற இடங்களும் திறந்தன. ஆனால் மெசின் ஐஸில் மீனுக்கு ஒரு வெறுப்பு இருப்பதாகச் சொல்லி, கரை றொசாந்தியிடமே வாங்கியது. பெண் தொழில்முனைவோரைப் பற்றி எழுதுவதற்கு வித்தியா என்ற உத்தியோகத்தர் வந்து, தொழில் தொடங்க எது உந்துதலாக இருந்தது என்று கேட்டாள். "கோவம்" என்றாள் றொசாந்தி. வித்தியா 'தன்னம்பிக்கை' என்று எழுதிக்கொண்டாள். லூர்த்தம்மாவிடம் கேட்டபோது அவள் "றீற்றா" என்றாள். வித்தியா 'இறைபக்தி' என்று எழுதிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றும் எடுத்தாள். படத்தில் மாமியாரைச் சுற்றிக் கொஞ்சம் புகைமூட்டம் விழுந்திருக்கிறது.

போன ஆவணியில் ஜெசிதா என்ற பெண் வேலை கேட்டு வந்தாள். கலியாணம் முடித்து ஒரு மாதம். கையில் மருதாணி இன்னும் அழியவில்லை. வாளிக்குள் கைவைத்தாள், தண்ணீர் சுட்டது. கொட்டிலில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். "எனக்கு அவரோடை ஒரு கோவமும் இல்லை, அக்கா. அவர் தங்கமான மனிசன்" என்றாள் ஜெசிதா, அழுவாரைப்போல. றொசாந்தி அவளுடைய தோளைத் தட்டினாள். "அதுக்கென்ன, பிள்ளை. நல்லாய் இரு. ஒரு வருசம் கழிச்சு வந்து பார்."

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை, கொட்டில் திறக்கும் நேரத்தில் ஜெசிதா வாசலில் நின்றாள். றொசாந்தி என்ன நடந்தது என்று கேட்கவில்லை. லூர்த்தம்மா கொஞ்சம் அரக்கி இருந்து இடம் விட்டாள். சன்னலோரத்துப் பேசின்களை அவளுக்குக் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் உறைந்துவிட்டன. நல்ல கட்டிகள். தேவராசா எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, லொறியில் ஏற்றச் சொன்னார்.