ஒரே ஒழுங்கையில் பதினொரு கிணறுகள்

அழக்கூடாது. அழுதால் நான் அளந்ததெல்லாம் பொய் என்று ஆகிவிடும்.

நஸ்லியா ஆய்வுக் கொப்பியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். வகுப்பு இன்னும் சிரித்து முடிக்கவில்லை. கல்முனைக் கிணறுகளில் உப்பு ஏறவில்லை என்பதுதான் அவளுடைய ஆய்வின் முடிவு. இன்னும் இரண்டு வாரத்தில் அதை மாகாண விஞ்ஞானப் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் வாசித்து முடித்ததும் வகுப்புத் தோழி முஸ்பிறா எழும்பி ஒரு வசனம்தான் சொன்னாள்.

"இது ஊர்ட கிணறு இல்ல டீச்சர், இவட சாச்சிமார்ர கிணறு."

நப்லா டீச்சர் சிரிக்கவில்லை. வியாழக்கிழமைகளில் பாடம் முடிந்தபின் அவர் இந்தக் கேள்வி நேரத்தை நடத்துகிறார். கேட்பவள் மற்றவள் செய்த வேலையை முதலில் சரியாகச் சொல்லிக் காட்ட வேண்டும். பிறகு வேலையைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும், ஆளைப் பற்றி அல்ல. பதில் சொல்பவள், வாய் திறக்குமுன் கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டும். நடுவர்கள் இதைவிடக் கடுமையாகக் கேட்பார்கள், அங்கே நான் இருக்கமாட்டேன் என்பார். முஸ்பிறாவை மறுபடி கேட்கச் சொன்னார்.

முஸ்பிறா மறுபடி எழும்பினாள். "நஸ்லியா பதினொரு கிணத்த, ஒவ்வொண்டையும் மூணு தரம் அளந்திருக்கா. எனக்கு அந்தப் பொறுமை இல்ல. ஆனா பதினொண்டும் ஒரே ஒழுங்கை. கடற்கரைப் பக்கம் ஒரு கிணறும் இல்ல. அப்ப ஊருக்கெல்லாம் உப்பில்ல எண்டு எப்படிச் செல்ற?"

நஸ்லியா எழுதினாள். தன் கையெழுத்தில் பார்க்கும்போது அந்தக் கேள்வி முஸ்பிறாவுடையதாகத் தெரியவில்லை. உம்மாவோடு பிறந்த பெண்கள் ஆறு பேர், அவளுக்குச் சாச்சிமார். கல்யாணத்துக்கு ஒவ்வொருவருக்கும் வீடு கட்டியது அந்த ஒழுங்கையில்தான். பிறகு அவர்களின் மகள்மாருக்கும். தண்ணீர் எடுக்கப் போத்தலோடு போனால் தேத்தண்ணி ஊற்றித் தரும் வீடுகள். ஊர் என்றால் அதுதான் என்று அவள் இருந்துவிட்டாள்.

தான் அளந்தது ஒரு ஒழுங்கையை மட்டும்தான், இன்னும் அளக்க வேண்டும் என்றாள். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை.

வெளியே வரும்போது முஸ்பிறா பக்கத்தில் நடந்தாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்கட கிணத்துத் தண்ணியில சவர்க்காரம் நுரைக்கிறதில்ல. வந்து அளக்கிறயா?"

கடற்கரை ஒழுங்கையில் அவள் வீடு. உப்பே இல்லை என்று வகுப்பின் முன்னால் நான் வாசித்தபோது இவள் எப்படி உட்கார்ந்திருந்திருப்பாள்? நஸ்லியா ஓம் என்றாள்.

கதை வீட்டுக்கு அவளுக்கு முன்பே போய்விட்டது. வகுப்பில் சாச்சியின் மகள் ஒருத்தி இருக்கிறாள். உம்மா அகப்பையோடு குசினி வாசலில் நின்றார். தன் சகோதரிகளின் கிணறுகள் ஒரு வகுப்பின் சிரிப்பானது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இனி அந்தப் புள்ளயக் கேள்வி கேக்க விட வேணாம் எண்டு நாளைக்கு டீச்சரிட்டச் செல்லு மகள்."

நஸ்லியா போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவற்றில் இன்னும் பழைய வீடுகளின் பெயர்கள் ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் உரித்தெடுத்தாள்.

"செல்லமாட்டன் உம்மா," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, அடுத்த போத்தலை எடுத்தாள்.