அறுவையில் ஒரு 'க' குறைந்தது

ஆறாம் வகுப்பின் ஜன்னலோரப் பெஞ்சில் இருந்த நால்வர் சிரித்தால், எதற்கென்று தெரியாமலே வகுப்பும் சேர்ந்து சிரிக்கும். அவர்களுக்கென்று தனிப் பாஷை வேறு. ஒவ்வோர் எழுத்துக்கு முன்னாலும் ஒரு 'க' போட வேண்டும். புள்ளி வைத்த எழுத்துக்கு மட்டும் விலக்கு. 'வா' என்றால் 'கவா'. 'போடி' என்றால் 'கபோகடி'. அவர்கள் வேகமெடுத்தால் கணக்கு டீச்சரே முழிப்பார்.

நால்வரில் ஒருத்தி வேறு ஊருக்குப் போய்விட, இடம் காலியானது. வகுப்பே 'மகாராணி' என்று கூப்பிடும் அந்தக் கூட்டத்தின் தலைவி அறிவித்தாள்: "வெள்ளிக்கிழமை டெஸ்ட். எங்க பாஷை யாருக்கு நல்லா வருதோ, அவளுக்குத்தான் சீட்டு."

மூன்றாம் பெஞ்சில் இருந்த கடுகுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. குள்ளமாக இருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். பக்கத்தில் உட்காருகிறவளுக்குப் பெயர் ரேடியோ. காரணம் சொல்ல வேண்டுமா? பென்சில் சீவுவதைப் பற்றிக்கூட அரை மணி நேரம் பேசுவாள்.

"எனக்கு அந்த சீட்டு வேணும்டி" என்றாள் கடுகு.

ரேடியோ சீவிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். "அங்க போனா என்கூட பேசுவல்ல?"

"பேசாம? லூசா நீ?"

"சரி, வா. பழகலாம்."

வெள்ளிக்கிழமைக்கு இருந்த நான்கு நாளும் பஸ் ஸ்டாப்பில் பாடம் நடந்தது. கஷ்டமான வார்த்தைகளையெல்லாம் ரேடியோ கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துக் கேள்வி கேட்டாள். கடுகுக்குத் தன் பட்டப்பெயரே வாயில் நுழையவில்லை. 'கககடுககு' என்று அவள் திணறும்போது முட்டையிடப் போகும் கோழி மாதிரியே இருந்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்த நர்ஸ் அக்கா சிரித்த சிரிப்பில் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை இடைவேளை. கடுகு ஜன்னல் பெஞ்சின் முன் நின்றாள். கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். மகாராணியின் புருவம் உயர்ந்தது.

"கடைசிக் கேள்வி. அதோ, உன் பெஞ்சுக்காரி. அவளைப் பத்தி ஏதாவது சொல்லு. அவளுக்குப் புரியவா போகுது?"

மூவரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும் என்ற நினைப்பில் கடுகுக்குக் கண் மண் தெரியவில்லை.

"கஅகவ கஒகரு கஅறுகவை!"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த ரேடியோ நிமிர்ந்தாள்.

"அறுவைல ஒரு 'க' குறையுது. 'கஅகறுகவை'ன்னு வரணும். நேத்தும் இதையேதான் தப்பா சொன்னே."

சிரிப்பு நின்றது. தனக்குப் பாஷை சொல்லிக் கொடுத்தவளிடமே அந்தப் பாஷையில் ரகசியம் பேசிய மேதாவி, இந்த உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்பது கடுகுக்கு அப்போதுதான் உறைத்தது. காது மடல் வரை சூடேறியது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மகாராணி.

"இவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அப்ப இவ ஃபெயில். நீயே வந்துடு, சீட்டு உனக்குத்தான்."

"யோசிச்சு சொல்றேன்" என்றாள் ரேடியோ. அதற்கப்புறம் இரண்டு பீரியட் அவள் வாயே திறக்கவில்லை. ரேடியோ ஓடாத மூன்றாம் பெஞ்சில் கடுகுக்கு மூச்சு முட்டியது. சீட்டு போனால் போகட்டும். இவளும் போய்விட்டால்?

சாப்பாட்டு மணி அடித்தது. ரேடியோ பையை மூடித் தோளில் மாட்டினாள். கடுகு அவள் காதோரம் கிசுகிசுத்தாள்: "கமன்கனிச்கசிகடு."

"இதுல 'க' எல்லாம் சரியா இருக்கு" என்றாள் ரேடியோ. அவள் கண் கலங்கியிருந்தது. "ஆனா அது வேணாம். எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லு."

கடுகு சுற்றிப் பார்த்தாள். வகுப்பில் முப்பது பேர், அத்தனை பேருக்கும் இரண்டு காது. தரையில் நின்றால் பாதிப் பேருக்குத் தெரியமாட்டாள் என்பதால் பெஞ்சின் மேல் ஏறினாள்.

"இவ எனக்கு நாலு நாள் சொல்லிக் குடுத்தா. நான் இவளையே அறுவைன்னு சொல்லிட்டேன். நான் பண்ணினது கேவலம். மன்னிச்சிடுடி!"

"நீ வர்றியா இல்லியா?" என்று ஜன்னல் பக்கமிருந்து மகாராணி ரேடியோவைப் பார்த்துக் கத்தினாள்.

ரேடியோ மூக்கை உறிஞ்சினாள். தோளிலிருந்த பையைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

"கககடுககு" என்றாள், ஒரு 'க' கூடக் குறையாமல். "கஉட்ககாகரு."

கடுகு உட்கார்ந்தாள். விட்ட இரண்டு பீரியடுக்கும் சேர்த்து ரேடியோ பேச ஆரம்பித்தாள்.