வீக்கம் வடிந்த கால்கள்

பரந்தாமனுக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்தபோது அவன் அக்கா மணியம்மை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருத்தணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் ஏலம் கூவுகிறவன். கத்திக் கத்தியே ரத்தம் சூடேறிவிட்டது என்று நினைத்தாள். டாக்டர் அம்லோடிபின் என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். தினமும் போட வேண்டும், நிறுத்தவே கூடாது என்றார்.

சில வாரங்களில் அவன் கணுக்கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது.

அந்தக் குழியை மணியம்மை முன்பே பார்த்திருக்கிறாள். அவள் புருஷன் கண்ணையனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கால் வீங்கி, முகம் வீங்கி, சிறுநீரகம் பழுதாகி ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள்.

"இன்னாடா இது? மாத்திரை கிட்னிய தின்னுகினு இருக்குது. உங்க பாவாவுக்கும் இப்டித்தானேடா வந்துச்சு!"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"நாளைக்கே டாக்டராண்ட காட்டிடலாம் அண்ணி," என்றாள் பரந்தாமனின் மனைவி சுஜாதா.

"எழுதிக் குடுத்தவரே அது மேல தப்பு சொல்வாரா?" என்று மணியம்மை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். அக்கா அழுதால் அவனுக்குத் தாங்காது. மாத்திரையை நிறுத்திவிட்டான்.

கொஞ்ச நாளிலேயே வீக்கம் வடிந்தது. மணியம்மை ஆடிக் கிருத்திகைக்கு மலையேறிப் பூக்காவடி செலுத்தினாள். முருகன் காப்பாற்றிவிட்டான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவனுக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. யாருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கத் தோன்றவில்லை.

தை மாதம், முகூர்த்த நாள் கூட்டத்தில் மல்லிக்கு விலை ஏற்றிக்கொண்டிருந்தவன் வாய் குழறிப் பூ மூட்டைகள் மேல் சாய்ந்தான். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று அதே டாக்டர்தான் கேட்டார். சுஜாதா மணியம்மையைப் பார்த்தாள். கால் வீங்கியதைப் பார்த்து நிறுத்த வைத்தது தான்தான் என்று மணியம்மையே சொன்னாள்.

"அது கிட்னியால வந்த வீக்கம் இல்லம்மா," என்றார் அவர். "ரத்தக் குழாய விரிச்சு விடுற மாத்திரை அது. சில பேருக்குக் கால்ல நீர் கோத்துக்கும். ஆபத்து இல்ல. வந்து சொல்லியிருந்தா வேற மாத்தியிருப்பேன்."

"மாத்தியிருக்கலாமா?"

"ஆங். அவ்ளோதாம்மா."

சுஜாதா சண்டை போடவில்லை. வீட்டைவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. புது மாத்திரைகளை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். மணியம்மை தண்ணீர் கொண்டுவந்தால், அந்த டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு டம்ளரில் மொண்டு வருவாள்.

மணியம்மை தம்பிக்குக் கைகால் பிடித்துவிட்டாள். அவன் ஒரே ஒரு தடவை தன்னைத் திட்டிவிட்டால் போதும் என்று ஏங்கினாள். 'உன்னாலதான்' என்று அவன் வாயால் கேட்டுவிட்டால் கொஞ்சம் மூச்சுவிடலாம் என்றிருந்தது.

சித்திரையில் ஒரு மத்தியானம் சுஜாதா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் உதடு கோணிக் கோணி அசைந்தது. இருவரும் குனிந்தார்கள்.

"அ... க்கா," என்றான். நல்ல கையை மணியம்மை பக்கம் நீட்டினான்.

சுஜாதா கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். மணியம்மைக்கு அந்தக் கையைப் பிடிக்கத் துணிவு வரவில்லை. அவன் மறுபடியும் அதையே சொன்னான்.